கே562 வளர்த்த வருஷங்கள்

என்.கே. என்கிற இயற்கைக் கொல்லி செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இதுதான் என்று கைகாட்டிவிட முடியாது. மற்ற லிம்போசைட்டுகளைவிடக் கொஞ்சம் பருமனாக இருக்கும். சாயம் போட்டால் உள்ளே குருணை குருணையாகத் தெரியும். அவ்வளவுதான். அதன் குணம் தெரிய வேண்டுமென்றால் எதிரில் இன்னொரு செல்லை வைத்து, கொல்கிறதா விடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் கையில் முதலில் கொடுக்கப்படுவது சாகப்போகிற செல்தான். அதை ஒழுங்காக வளர்க்கத் தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மதுரையில் விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணமாகி, புனேயில் போபோடிக்கு வந்து சேர்ந்தவள் நான். கணவருக்குக் கட்கியில் வேலை. இந்த ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வரும். ஹாரிஸ் பாலத்தில் முளா ஆற்றைத் தாண்டி, தாபோடி வழியாக நாசிக் பாட்டாவில் திரும்பினால் போசரி. தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் 1992இல் தொடங்கிய நிறுவனம் அங்கே இருக்கிறது. இந்தப் பக்கம் புனே பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய செல் அறிவியல் மையம். நகருக்குள் ஒன்றும் பாஷாணில் ஒன்றுமாகத் தேசிய வைராலஜி நிறுவனம். நான் சேர்ந்தது இவற்றைவிட மிகச் சிறிய ஓர் ஆய்வகம். ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அதில் என்.கே. செல் எவ்வளவு, அவை வேலை செய்கின்றனவா என்று அளந்து கொடுப்பது என் பொறுப்பு.

எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் குடுவையில் இருந்தது கே562. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாட்பட்ட ரத்தப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்த 53 வயதுப் பெண் ஒருவரின் நுரையீரல் உறையில் கோத்த நீரிலிருந்து எடுக்கப்பட்ட செல்கள் அவை. கார்மென் லோசியோவும் பிஸ்மார்க் லோசியோவும் 1975இல் இதைப் பற்றி எழுதினார்கள். அந்த அம்மா போய்விட்டார். அவருடைய செல்கள் உலகத்தில் என்.கே. செல் பார்க்கிற ஏறக்குறைய எல்லா ஆய்வகத்திலும் இன்னும் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. பெயர் தெரியாத அந்தப் பெண்ணை நினைக்காமல் நான் குடுவையைத் திறந்ததில்லை.

கே562 தரையில் ஒட்டாமல் மிதக்கும். ஊட்டக் கரைசல் ரோஸ் நிறத்தில் இருக்கும் வரை நலம். மஞ்சளாகத் திரும்பினால் கூட்டம் அதிகமாகிவிட்டது, கழிவு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பிரித்து விட வேண்டும். பரிசோதனைக்கு முந்தின நாள் கட்டாயம் புதுக் கரைசல் கொடுக்க வேண்டும். சோர்ந்த செல், யாரும் தொடாமலே செத்து உள்ளிருப்பதைக் கொட்டிவிடும். அப்புறம் எது என்.கே. செல் கொன்றது, எது தானாகச் செத்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. டிரைபான் ப்ளூ சாயத்தில் பார்த்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது உயிரோடு இல்லையென்றால் அன்றைய பரிசோதனையை நிறுத்திவிடுவோம். வேறு ஊரிலிருந்து ரத்தம் வந்து காத்திருந்தாலும் நிறுத்திவிடுவோம்.

எத்தனையோ புற்றுச் செல்கள் இருக்க, ஏன் கே562? அதன் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. முதல் வகுப்புப் புரதங்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உடம்பில் உட்கரு உள்ள செல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்தப் புரதங்களை வெளியே தாங்கி நிற்கின்றன. செல்லுக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை வெளியே எடுத்துக் காட்டுவது இவற்றின் வேலை. உள்ளே வைரஸ் இருந்தால் வைரஸின் துணுக்கும் வெளியே வரும். டி செல் அதைப் பார்த்துத்தான் பாதிக்கப்பட்ட செல்லைக் கண்டுபிடிக்கிறது. அப்படியானால் எச்.எல்.ஏ. இல்லாத கே562 டி செல்லின் கண்ணுக்குப் படாது. படவும் இல்லை. ஆனால் எந்த முன்பழக்கமும் இல்லாத ஒருவரின் ரத்தத்தை அதனுடன் சேர்த்து வைத்தால் நாலு மணி நேரத்தில் பாதி செத்துக் கிடக்கிறது. கொன்றது யார்?

1975இல் ஸ்டாக்ஹோமில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர் எலிகளிலும், அதே காலத்தில் அமெரிக்காவில் ரொனால்டு ஹெர்பர்மேன் குழுவினரும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள். புற்றுச் செல்லை முன்பின் பார்த்தறியாத எலியின் மண்ணீரல் செல்கூட அதைக் கொன்றது. அதற்கு முன் பலர் இதைப் பரிசோதனையின் அசுத்தம் என்று ஒதுக்கியிருந்தார்கள். இவர்கள் ஒதுக்கவில்லை, இது டி செல்லும் இல்லை, பி செல்லும் இல்லை, தனி இனம் என்று சொல்லி இயற்கைக் கொல்லி செல் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அது எதைப் பார்த்துக் கொல்கிறது என்பது அவர்களுக்கும் பிடிபடவில்லை. எல்லாரும் புற்றுச் செல்லின் மேல் இருக்கும் ஏதோ ஒரு தனிப் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கிளாஸ் காரே என்ற இளைஞர் அப்போது ஸ்டாக்ஹோமில் ஆய்வு மாணவர். அவர் 1981இல் சமர்ப்பித்த ஆய்வேட்டின் கடைசிப் பகுதியில் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இருப்பதைப் பார்த்து அல்லாமல், இருக்க வேண்டியது இல்லாததைப் பார்த்து இந்தச் செல் கொல்கிறதோ? போபோடியில் எங்கள் தெருத் தமிழ் வீடுகளில் விடிந்து வெகுநேரமாகியும் வாசலில் கோலம் இல்லையென்றால் பக்கத்து வீட்டு அத்தை கதவைத் தட்டிவிடுவார்கள். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், சத்தமும் கேட்டிருக்காது. கோலம் இல்லை என்பதே போதும். காரே சொன்னது அதைத்தான்.

சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார்கள். ஆர்.எம்.ஏ. என்ற எலியின் லிம்போமா செல்களை எடுத்து, மரபுப் பிறழ்வு உண்டாக்கும் வேதிப்பொருளைக் கொடுத்து, எச்.எல்.ஏ.வுக்கு இணையான எலிப் புரதத்தை இழந்துவிட்ட செல்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். அதற்கு ஆர்.எம்.ஏ.-எஸ் என்று பெயர். இரண்டையும் ஒரே இனத்து எலிகளில் ஊசி போட்டார்கள். புரதம் உள்ள ஆர்.எம்.ஏ. கட்டியாக வளர்ந்தது. இழந்த ஆர்.எம்.ஏ.-எஸ் வளரவில்லை, எலியின் உடம்பு அதை அழித்துவிட்டது. என்.கே. செல்களை முன்கூட்டியே நீக்கிவிட்ட எலிகளில் அதுவும் வளர்ந்தது. 1986இல் நேச்சர் இதழில் வந்தது இந்தக் கட்டுரை. நான் சேர்ந்த புதிதில் என் மேலாளர் அதன் நகலைக் கையில் கொடுத்து, "இதைப் படிச்சிட்டு குடுவையைத் தொடு" என்றார். இன்றும் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நானும் அதையேதான் கொடுக்கிறேன். ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைக் கேட்டுவிட முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நான் பழகியது குரோமியம் முறை. கே562 செல்களுக்குக் கதிரியக்கக் குரோமியம்-51ஐ உண்ணக் கொடுப்போம். ஒரு மணி நேரம் கழித்து நன்றாகக் கழுவி, 96 குழித் தட்டில் குழிக்குப் பத்தாயிரம் செல் என்ற கணக்கில் போடுவோம். அதன் மேல் நோயாளியின் வெள்ளணுக்கள்: ஒரு வரிசையில் ஐம்பது மடங்கு, அடுத்ததில் இருபத்தைந்து, அப்புறம் பன்னிரண்டரை. எல்லாம் மும்மூன்று குழி. முப்பத்தேழு டிகிரியில் நாலு மணி நேரம். செத்த செல் குரோமியத்தைக் கரைசலில் விட்டுவிடும். மேல்நீரை எடுத்து காமா கவுண்டரில் வைத்தால் எண் வரும். அந்த எண்ணுக்குத் தனியாக ஒரு மதிப்பும் கிடையாது. கொல்லியே போடாத குழியில் தானாகக் கசிந்தது எவ்வளவு, சோப்புப் போன்ற டிரைட்டானை ஊற்றி அத்தனையையும் உடைத்தால் எவ்வளவு என்று இரண்டையும் பார்த்து, நடுவில் எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டால்தான் விழுக்காடு வரும்.

குரோமியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 28 நாள். புட்டி வந்த வாரத்தில் எண்கள் செழிப்பாக வரும்; மாதம் போகப் போக மெலியும். மார்பில் கதிரியக்க அளவைப் பட்டை, ஈயத் தடுப்புக்குப் பின்னால் கை, கழிவுக்குத் தனித் தொட்டி. இப்போது பெரும்பாலான இடங்களில் இது இல்லை. ஒளிரும் சாயம் தடவிய இலக்குச் செல்லும் ஃப்ளோ சைட்டோமீட்டரும் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் தானாகக் கசிவதைக் கழிக்காமல் எதையும் நம்பாதே என்ற புத்தி குரோமியக் காலத்துக் கைகளுக்குத்தான் ரத்தத்தில் ஊறியிருக்கிறது என்று எனக்கு ஒரு பெருமை உண்டு.

இல்லாததைப் பார்த்துக் கொல்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் பாதிதான் சொன்னதாகும். இந்தப் பாதியோடுதான் பாடப்புத்தகங்களும் பத்திரிகைகளும் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. ஒரு துளி ரத்தத்தை எடுத்துப் பாருங்கள். சிவப்பணுக்களில் எச்.எல்.ஏ. ஏறக்குறைய இல்லை. என்.கே. செல் பகலும் இரவும் லட்சக்கணக்கான சிவப்பணுக்களோடு உரசிக்கொண்டேதான் ஓடுகிறது. ஒன்றையும் தொடுவதில்லை. இல்லாமை மட்டுமே காரணமென்றால் நமக்கெல்லாம் பிறந்த அன்றே ரத்தம் வற்றியிருக்கும்.

என்.கே. செல்லின் மேல் இரண்டு வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஒரு வகை தடுக்கும்: எதிர்ச் செல்லில் எச்.எல்.ஏ. இருந்தால் அதைப் பற்றிக்கொண்டு, உள்ளே நிறுத்து என்ற சமிக்ஞையை அனுப்பும். மனிதரில் கிர் என்று சுருக்கமாகச் சொல்கிற ஏற்பிக் குடும்பமும், என்.கே.ஜி.2ஏ என்ற ஏற்பியும் இந்த வேலையைச் செய்கின்றன. இன்னொரு வகை தூண்டும். இவை பார்ப்பது இருப்பதை. என்.கே.ஜி.2டி இதில் முக்கியமானது. செல்லின் டி.என்.ஏ. சிதைந்தாலோ, வைரஸ் புகுந்தாலோ, புற்றாக மாறினாலோ அந்தச் செல் நெருக்கடியில் மைக்-ஏ, மைக்-பி போன்ற புரதங்களை மேற்பரப்புக்கு அனுப்பும். சாதாரணக் காலத்தில் இவை பெரும்பாலும் வெளியே தெரியாது. என்.கே.ஜி.2டி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். இவற்றோடு என்.கே.பி.46, என்.கே.பி.30 போன்ற ஏற்பிகள் உண்டு. இத்தாலியில் மொரெட்டா சகோதரர்களின் ஆய்வகத்திலிருந்து வந்தவை இவை. எதிர்ச் செல்லின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் அதன் வாலைப் பிடிக்கும் சிடி16 தனி.

இரண்டு செல்கள் ஒட்டியிருக்கும் அந்தச் சில நிமிஷங்களில் தடுப்பும் தூண்டலும் எதிரெதிராகக் கூடுகின்றன. தூண்டல் மிஞ்சினால்தான் உள்ளே இருக்கிற குருணைகள் தொடும் பக்கமாக நகர்ந்து வரும். அவற்றிலிருந்து பெர்ஃபோரின் வெளிப்பட்டு எதிர்ச் செல்லின் சவ்வில் துளை போடும். கிரான்சைம்கள் உள்ளே போய், தானே செத்துப்போகும் பாதையைத் திறந்துவிடும். தடுப்பு மிஞ்சினால் பிரிந்து போய்விடும். சிவப்பணுவிடம் தடுப்பதற்கும் ஒன்றுமில்லை, தூண்டுவதற்கும் ஒன்றுமில்லை. கே562இல் தடுப்பு இல்லை, தூண்டல் நிறைய. அதனால்தான் அது அப்படிச் சாகிறது. ஒருமுறை எச்.எல்.ஏ. சாதாரணமாக உள்ள வேறொரு புற்றுச் செல்லைப் பக்கத்துக் குழிகளில் வைத்துப் பார்த்தபோது, அதே ஆளின் அதே ரத்தம், அதே நாலு மணி நேரம், கொலை விழுக்காடு பத்தைத் தாண்டவில்லை. என்.கே. செல்லுக்கு வலு இல்லை என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியுமா? எதிரில் யார் நிற்கிறார் என்று சொல்லாமல் இதன் வலுவைச் சொல்லவே முடியாது.

வைரஸ்கள் இந்தக் கூட்டல் கழித்தலை நம்மைவிட முன்பே கற்றுக்கொண்டவை. புனேயில் இந்த வேலை செய்தவர்களுக்கு எச்.ஐ.வி.யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரல் முதல் தேதி அரசு இலவச மருந்து தொடங்கும் வரைக்கும் ஆய்வகங்களுக்கு வந்த ரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை மருந்து கிடைக்காதவர்களுடையவை.

டி செல்லின் கண்ணிலிருந்து தப்ப வேண்டுமென்றால் எச்.எல்.ஏ.வை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்துக்கொண்டால் என்.கே. செல் கொன்றுவிடும். எச்.ஐ.வி.யின் நெஃப் என்ற புரதம் இந்த இக்கட்டில் ஒரு நடுவழி எடுக்கிறது. டி செல்கள் அதிகம் நம்பியிருக்கிற எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி இரண்டையும் கீழே இழுத்துவிட்டு, என்.கே. செல்லைத் தடுக்கிற எச்.எல்.ஏ.-சி, எச்.எல்.ஏ.-இ இரண்டையும் விட்டுவைக்கிறது. 1999இல் இது தெரியவந்தது. சில எச்.ஐ.வி. வகைகள் வேறொரு புரதத்தைக் கொண்டு சி-யையும் குறைக்கின்றன என்று பிற்பாடு தெரிந்தது. சைட்டோமெகலோ வைரஸ் இதைவிடப் பெரிய கை. எச்.எல்.ஏ.-இ மேற்பரப்புக்கு வர மற்ற எச்.எல்.ஏ.க்களின் ஒரு துணுக்கு வேண்டும். மற்றவற்றை அழித்துவிட்டால் அந்தத் துணுக்கு கிடைக்காது, இ-யும் வராது, என்.கே. செல்லுக்குத் தெரிந்துவிடும். இந்த வைரஸ் தன்னுடைய யு.எல்.40 புரதத்தில் அதே துணுக்கை எழுதி வைத்திருக்கிறது! மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, இ-யை மட்டும் தன் துணுக்கால் நிமிர்த்தி நிறுத்திவிடும். யு.எல்.16 என்ற இன்னொரு புரதம் நெருக்கடிப் புரதங்கள் சிலவற்றை வெளியே வராமல் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்தச் செல்களுக்கு அஞ்சி வைரஸ்கள் எவ்வளவு உழைத்திருக்கின்றன என்று பார்த்தாலே இவை எவ்வளவு முக்கியமானவை என்று விளங்கும். 1989இல் என்.கே. செல்லே இல்லாத ஒரு வளரிளம் பெண்ணைப் பற்றி கிறிஸ்டின் பைரன் எழுதினார். அந்தப் பெண்ணைத் திரும்பத் திரும்ப வாட்டியவை சின்னம்மை, சைட்டோமெகலோ, ஹெர்ப்பிஸ் என்று ஒரே குடும்பத்து வைரஸ்கள்.

ஃப்ளோ சைட்டோமீட்டரின் முன் உட்கார்ந்த பிறகு எச்.ஐ.வி. ரத்தத்தை வேறு மாதிரி பார்க்கக் கற்றுக்கொண்டேன். சாதாரண ரத்தத்தில் லிம்போசைட்டுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து வரை என்.கே. செல். மேற்பரப்புப் புரதங்களில் சிடி3 இல்லாமல் சிடி56 உள்ளவை என்று கட்டம் போட்டால் திரையில் இரண்டு கூட்டம் தெரியும்: சிடி56 மங்கலாக, சிடி16 நிறைய உள்ள பெரிய கூட்டம், இதுதான் கொலைகார இனம், சிடி56 பளிச்சென்று உள்ள சிறு கூட்டம், இது சைட்டோகைன் சுரப்பதில் முந்தும். மருந்து எடுக்காத, வைரஸ் ஏறிய ரத்தத்தில் மூன்றாவதாக ஒன்று முளைத்திருக்கும். சிடி56 இல்லை, சிடி16 மட்டும் உண்டு. கே562ஐ எதிரில் வைத்தால் இவற்றில் சிடி107ஏ சரியாக ஏறாது. குருணை வெளியே வந்தால்தான் அந்தப் புரதம் மேற்பரப்பில் தெரியும். ஏறவில்லையென்றால் அந்தச் செல் கையைத் தூக்கவில்லை என்று பொருள். வெறும் எண்ணிக்கை பார்க்கிறவர், சிடி56ஐ மட்டும் பார்த்தால் இந்தக் கூட்டத்தையே தவறவிடுவார். சேர்த்து எண்ணினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிடுவார். வேலை செய்கிறதா என்று கேட்காமல் எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்பதில் எனக்கு அப்போதிருந்தே நம்பிக்கை போய்விட்டது.

ரத்தத்தை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிப்பதே அதுதான். குழாயை ஐஸில் வைக்கக் கூடாது. ஏப்ரல், மே மாதத்துப் புனே வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைக்கவும் கூடாது. அன்றே பிரித்து அன்றே பார்க்க வேண்டும். உறைய வைத்து எடுத்த என்.கே. செல் பாதிச் சோம்பேறி, ஓர் இரவு இன்டர்லூக்கின்-2 கொடுத்து எழுப்ப வேண்டும், அப்படி எழுப்பினால் அது பழைய செல்லும் இல்லை. இன்னொன்று முக்கியம். படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவரின் ரத்தத்தில் என்.கே. செல் சில நிமிஷத்திலேயே கூடிவிடும். ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருந்தவை அட்ரினலினில் விடுபட்டு ஓட்டத்தில் கலந்துவிடும். பயமும் அதையே செய்யும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் வந்தவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கால் மணிக்கு மேல் கழித்துத்தான் ஊசியை எடுப்போம்.

ஆளுக்கு ஆள் வேறுபாடு என்பது இதற்கெல்லாம் மேலே. கிர் ஜீன்கள் 19ஆம் குரோமோசோமில், எச்.எல்.ஏ. 6ஆம் குரோமோசோமில். இரண்டும் தனித்தனியாக அம்மா அப்பாவிடமிருந்து வருகின்றன. ஒருவருக்குக் கிர் ஏற்பி இருக்கும், அது பற்றிக்கொள்ள வேண்டிய எச்.எல்.ஏ. இருக்காது. அப்படிப்பட்ட என்.கே. செல் எதைக் கண்டாலும் பாயும் என்றுதான் எதிர்பார்ப்போம். நேர்மாறாக அது மந்தமாக இருக்கிறது. தன் உடம்பின் எச்.எல்.ஏ.வோடு உரசிப் பழகிய செல்தான் அது இல்லாதபோது சுறுசுறுப்பாகக் கொல்கிறது என்று 2005, 2006 வாக்கில் வந்த ஆய்வுகள் காட்டின. இதில் தென்னிந்தியர்கள் தனிக் கவனத்துக்கு உரியவர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் பல ஆண்டுகள் நம் சமூகங்களின் எச்.எல்.ஏ.வைத் தேடிச் சேகரித்தவர். அவரும் ராஜா ராஜலிங்கமும் மற்றவர்களும் சேர்ந்து 2008இல் முள்ளுக்குறும்பர், காணிக்காரர், பரவர் ஆகிய மூன்று மக்களிடம் கிர் ஜீன்களைப் பார்த்தார்கள். தூண்டும் கிர்கள் அதிகமுள்ள பி வகைத் தொகுப்பு இவர்களிடம் நிறைய இருந்தது. தேசிய வைராலஜி நிறுவனத்தார் மேற்கு இந்தியாவின் டெங்கு நோயாளிகளிடம் இதே ஜீன்களைப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பியர் ரத்தத்தில் அளந்த இயல்பு எல்லையை அப்படியே எடுத்து நம் அறிக்கைத் தாளில் அச்சடிக்கும்போது எனக்கு மனசு ஒப்பாது.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது எங்கள் கட்டடத்தில் குடியிருக்கிற ஒரு பெண். விழுப்புரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. ஒரு மாலை கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க இந்த செல்தானே பாக்குறீங்க? எனக்கு இது அதிகமா இருக்காம். அதனாலதான் கரு நிக்கலையாம். என் ரத்தமே என் புள்ளைய கொல்லுதாக்கா?"

காகிதத்தில் என்.கே. செல் 18 விழுக்காடு என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். வேறு எதுவும் இல்லை. குறைக்க ஊசி போட வேண்டும், செலவு இவ்வளவு என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியார் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்.

உட்கார வைத்துச் சொன்னேன். கையில் எடுத்த ரத்தத்தில் இருப்பது ஒரு கூட்டம். கருப்பையில் இருப்பது வேறு கூட்டம். கரு தரித்த முதல் மாதங்களில் கருப்பை உள்வரியில் இருக்கும் வெள்ளணுக்களில் பெரும்பகுதி என்.கே. செல்தான். ஆனால் அது சிடி56 மிகப் பளிச்சென்று, சிடி16 இல்லாமல், கொல்வதில் நாட்டமே இல்லாத இனம். தாயின் ரத்தக்குழாய்கள் விரிந்து நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போக அது உதவுகிறது. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மாஃபெட் குழுவினர் காட்டியிருப்பது என்னவென்றால், சில கிர், எச்.எல்.ஏ.-சி சேர்க்கைகளில் இந்தச் செல்கள் அளவுக்கு மீறித் தடுக்கப்படுவதால்தான் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் கூடுகிறது. அதாவது அங்கே குறை, செல் போதுமான அளவு ஊக்கம் பெறாததில். ரத்தத்தில் 18 இருப்பதற்கும் கரு நிற்காததற்கும் தொடர்பு காட்டிய உறுதியான ஆதாரம் இல்லை. தொடர்ந்து கரு கலைகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரமில்லை என்று ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் வழிகாட்டி 2017இலேயே எழுதிவிட்டது.

"ரத்தம் எடுக்கும்போது என்ன பண்ணிட்டு இருந்த?"

"லிஃப்ட் ஓடலக்கா. நாலு மாடி ஏறிப் போனேன். போனதும் எடுத்துட்டாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு."

அந்த நட்சத்திரத்துக்கு என்ன பொருள் என்று எனக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளிடம் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: உன் உடம்பு உன் பிள்ளையைக் கொல்லவில்லை. அதை இந்தக் காகிதத்தில் யாரும் காட்டவில்லை.

அவள் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு, வேறொரு மருத்துவரிடம் போகும்போது கேட்க வேண்டியவற்றை மராத்தியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தைராய்டு பார்த்தாயிற்றா? ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடிகளைப் பன்னிரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்தாயிற்றா? கருப்பையின் அமைப்பை ஸ்கேனில் பார்த்தாயிற்றா? நீங்கள் போடச் சொல்லும் ஊசியைப் போட்டுக்கொண்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குழந்தை பிறந்ததில் வித்தியாசம் இருந்ததா, அந்த ஆய்வு எது? தாளின் அடியில் என் தொலைபேசி எண்ணையும் எழுதி, மருத்துவருக்குச் சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடச் சொல்லு என்றேன். முதல் இரண்டு பரிசோதனைகளும் அதுவரை அவளுக்கு எடுக்கப்படவே இல்லை.